கொச்சி வரைக்கும்

எனக்கு நீச்சல் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கார்வாரிலிருந்து தெற்கே பாய்மரப் படகில் போனவன் என்று கேள்விப்பட்டதிலிருந்து பெங்களூரில் எங்கள் ஜீவனஹள்ளியில் என்னை ஒரு மாதிரி மரியாதையாகப் பார்க்கிறார்கள். மீன் விற்கிற அம்மாகூட, "கடலுக்கே போய் வந்த ஆளு, உங்களுக்குத் தெரியாத மீனா?" என்று சொல்லிக்கொண்டே விலையை ஏற்றிவிடுகிறார். நான் ஆசைப்பட்டுப் போகவில்லை. என் மனைவியிடம் "வேண்டாம்" என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருந்தது. அந்த வார்த்தையைக் கொச்சிக்குப் போய்த்தான் சொல்லலாம் என்று ஒப்பந்தம் ஆகிவிட்டதால் போனேன்.

என் மனைவி கோலார் தங்கவயல்காரி. அவளுடைய அப்பாவும் தாத்தாவும் பூமிக்கு அடியில் வேலை பார்த்தவர்கள். குழாயில் தண்ணீர் வந்தால் தெருவே குடத்தோடு ஓடுகிற ஊரில் வளர்ந்தவளுக்குத் தண்ணீர்மேல் இப்படி ஒரு பைத்தியம் எங்கிருந்து பிடித்தது என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. கன்டோன்மென்ட் பக்கத்தில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்தாள். ஒரு சனிக்கிழமை பிள்ளைகளை ஏரிக்குக் கூட்டிப்போய்ப் பாய்மரப் படகு விடுகிறவர்களைக் காட்டினார்கள். பிள்ளைகள் ஐஸ்கிரீம் சாப்பிட்டுவிட்டு மறந்துவிட்டார்கள். டீச்சர் மறக்கவில்லை. நாற்பது வயதுக்கு மேல், ஊருக்கு வெளியே இருக்கும் ஓர் ஏரிக்கு வாராவாரம் போய்ப் படகு விடக் கற்றுக்கொண்டாள். நான் கரையில் காருக்குள் உட்கார்ந்து பேப்பர் படிப்பேன்.

ஏரியில் படகு விடுகிறவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. பெங்களூரில் சாயங்கால மழை எப்படி வரும் என்று தெரியும்தானே, வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே ஒரு மூலையில் கறுக்கும். கறுத்ததும் சொல்லிக்கொடுக்கிறவர் விசில் ஊதுவார். உடனே எல்லோரும் படகைத் திருப்பிக் கரைக்கு ஓடி வந்து, படகுகளை மண்ணில் இழுத்துப் போட்டுவிட்டு, டீக்கடைத் தகரத்துக்குக் கீழே நின்று மழையைப் பார்ப்பார்கள். பத்து வருஷமாக என் மனைவி அப்படி ஓடி வந்து, நனைந்த தலையோடு காரில் ஏறி என் பேப்பரை ஈரமாக்கியிருக்கிறாள்.

அப்புறம் விருப்ப ஓய்வு வாங்கினாள். பி.எஃப். பணம் வந்ததும் ஹாலுக்குப் புதுத் தரை போடலாம் என்று நான் கல் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் கார்வாரில் ஒரு பழைய பாய்மரப் படகைப் பார்த்து, வாங்கியும்விட்டாள். அதற்கு முன்பே கோவாவில் தங்கிக் கடலில் ஓட்டுவதற்கென்று ஒரு பயிற்சியும் முடித்திருந்தாள். அங்கே படித்ததை எல்லாம் அடுப்படியில் நின்று எனக்கு ஒப்பிப்பாள். அதில் ஒன்று எனக்கு அப்படியே மனப்பாடம் ஆகிவிட்டது. "கடல்ல பயப்பட வேண்டியது தண்ணிய இல்லீங்க, தரையத்தான். காத்து கெட்டுப்போச்சுன்னா கரையை விட்டுத் தள்ளிப் போயிடணும்." தரைக்குப் பயப்படுவதாவது! இதைவிட நல்ல வேடிக்கை எனக்குக் கிடைக்குமா? வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தேன். சர்ச்சில் பாதிப் பேருக்கு அது தெரியும்.

திட்டம் இதுதான். மழைக்காலம் முழுக்கப் படகு கார்வாரில் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு கரையில் கிடக்கும். மழை ஓய்ந்து கடல் அடங்கியதும் அதைத் தண்ணீரில் இறக்கி, கரையோரமாகவே தெற்கே போக வேண்டும். பகலில் ஓட்டம், பொழுது சாயும்போது எங்காவது நங்கூரம். குளிர்காலம் முழுவதும் கொச்சியில் படகிலேயே குடித்தனம். அடுத்த மழைக்கு முன்னால் திரும்பிவிடலாம்.

"நீங்க வரணும்," என்றாள்.

"ஏன், கடல்லயும் ட்ராஃபிக் ஜாமா? ஹாரன் அடிக்க ஆள் வேணுமா?"

"ஒத்த ஆளா ஓட்ட முடியாதுங்க. ரெண்டு பேரு வேணும். கொச்சி வரைக்கும் வாங்க, போதும். அங்க வந்து வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. அங்கியே வித்துட்டு பஸ் ஏறிக்கினு வந்துடலாம். அதுக்கப்புறம் படகுன்னு வாயத் தொறந்தா என்ன ஏன்னு கேளுங்க."

"பாதியில நான் இறங்கிட்டா?"

"பாதியில இறங்கினா பேச்சு செல்லாது. வேற ஆளத் தேடிக்குவேன்."

கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் சொன்ன சொல் தவறியதில்லை. எனக்குக் கணக்கு சுலபமாக இருந்தது. வாயை மூடிக்கொண்டு கொச்சி வரை உட்கார்ந்திருந்தால் போதும், தொல்லை விட்டது. வைட்ஃபீல்டில் இருக்கிற ஆபீஸுக்குத் தினமும் போய்வந்து, நகராத வண்டியில் அரை நாள் உட்கார்ந்து பழகியவன் நான். நகர்கிற வண்டியில் உட்கார முடியாதா என்ன? சேர்ந்து கிடந்த லீவை எல்லாம் எழுதிக் கொடுத்தேன்.

கல்லறைத் திருநாளுக்குப் போய் அப்பா அம்மா கல்லறைக்கு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டுத்தான் கிளம்பினோம். அவர்களிடம் கொஞ்சம் கூடுதலாகவே பேசிவிட்டு வந்தேன். பெட்டி கட்டும்போது பெங்களூர்க்காரன் புத்தி வேலை செய்தது. நவம்பர் என்றால் நமக்கு ஸ்வெட்டர். எனக்கு மூன்று, அவளுக்கு இரண்டு, இரண்டு கம்பளி, காதை மூடுகிற குல்லா எல்லாவற்றையும் அடைத்துக்கொண்டு கார்வாரில் இறங்கினால் வியர்வை ஆறாக ஓடுகிறது. படகில் இருந்த ஒரே அலமாரியை என் கம்பளிகள் பிடித்துக்கொண்டன. அவள் துணியை எல்லாம் அரிசி டப்பாவுக்குப் பின்னால் செருகி வைத்தாள்.

படகு எங்கள் வீட்டு ஹாலைவிடச் சின்னது. இரண்டு படுக்கை, ஒரு அடுப்பு, துறைக்குள் போய்வர மட்டும் ஒரு சின்ன எஞ்சின், நிமிர்ந்து நிற்க முடியாத ஒரு கழிப்பறை. "ஸ்வல்ப குனிஞ்சுக்கோங்க," என்றாள். அந்த வார்த்தைக்குப் பிறகு நிமிர்ந்து நின்றதாக எனக்கு நினைவில்லை.

முதல் இரண்டு நாளும் வாந்திதான். இஞ்சியைக் கடித்துக்கொண்டு, படகு விளிம்பைப் பிடித்துக்கொண்டு, கடலோரக் கர்நாடகம் முழுவதையும் தலைகீழாகப் பார்த்தேன். கண்ணுக்கு எட்டுகிற தூரத்தில் கரை வந்துகொண்டே இருந்தது. தென்னை, ஓட்டு வீடு, அதற்குப் பின்னால் நீலமாக மலை. முருடேஸ்வரத்துக் கோபுரம் பாதி நாள் எங்களோடு கூடவே வந்தது. அவ்வளவு மெதுவாகப் போனோம்.

மூன்றாம் நாள் வயிறு அடங்கியது. அதன் பிறகுதான் சுற்றி என்ன நடக்கிறது என்று பார்க்க ஆரம்பித்தேன். காற்றுக்கு ஆபீஸ் மாதிரி ஷிஃப்ட் இருப்பது எனக்கு அப்போதுதான் தெரியும். விடியற்காலையில் கரையிலிருந்து காற்று வரும், ஈர மண் வாசனையும் விறகுப் புகையுமாக. வெயில் ஏறினால் அது நின்றுவிடும். பாய் தொங்கிப்போகும். நாங்களும் தொங்கிப்போவோம். மத்தியானத்துக்கு மேல் கடல் பக்கத்திலிருந்து காற்று எழுந்து, படகு சாய்ந்துகொண்டு நன்றாக ஓடும். அந்த நேரம் அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். பிராக்ரஸ் கார்டில் கையெழுத்துப் போட்டுப் போட்டு இறுகிப்போன முகம் அது. சுக்கானைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது அதில் ஒரு பெண்பிள்ளையின் திருட்டுச் சிரிப்பு வந்திருந்தது. இவளுக்கு இப்படிச் சிரிக்கத் தெரியும் என்பதையே நான் மறந்திருந்தேன். மறந்திருந்தது தெரிந்ததும் எனக்கு வருத்தமாக இருந்தது. வருத்தத்தை மறைக்கச் சாம்பாரில் உப்பு இல்லை என்று கத்தினேன். சமைத்தது நான்தான்.

மல்பேயில் ஓர் இரவு தங்கினோம். அங்கிருந்து உடுப்பிக்கு ஆட்டோ, உடுப்பியிலிருந்து பெங்களூருக்கு பஸ், காலையில் மெஜஸ்டிக்கில் இறங்கி ஃபில்டர் காபி. மனசு அவ்வளவு தூரம் போய்விட்டு வந்தது. ஆனால் பாதியில் இறங்கினால் பேச்சு செல்லாதே. மறுபடி படகில் ஏறினேன்.

நான் செய்யாத வேலை ஒன்று இருந்தது. சுக்கானைத் தொடமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். நான் பயணி, டிரைவர் இல்லை. அதனால் விடிந்ததிலிருந்து பொழுது சாயும் வரை அவளே நின்றாள். நங்கூரம் போட்ட பிறகும் சங்கிலி கொஞ்சம் சத்தம் போட்டால் எழுந்து போய்ப் பார்ப்பாள். மங்களூர் தாண்டுவதற்குள் அவள் கண்ணுக்குக் கீழே கறுத்துவிட்டது. ஒருநாள் நின்றபடியே அவள் தலை சாய்வதைப் பார்த்தேன். படகும் கூடவே சாய்ந்தது.

"குடு இங்க," என்றேன்.

"வேணாங்க, உங்களுக்கு இஷ்டமில்லாத வேலை."

"இஷ்டமில்லாத வேலையத்தான் முப்பது வருஷமா பாத்துக்கிட்டிருக்கேன். குடு."

அன்றிலிருந்து மத்தியானத்தில் கொஞ்ச நேரம் சுக்கான் என் கையில். அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து கண்ணை மட்டும் மூடிக்கொள்வாள். தூங்கமாட்டாள். நான் ஓட்டும்போது யார்தான் தூங்குவார்கள்? காரிலேயே அவள் கால் இல்லாத பிரேக்கை மிதிக்கும்.

கண்ணூர் போனது, கோழிக்கோட்டை அடுத்த பேப்பூர் போனது. கொச்சி பக்கத்தில் வந்துவிட்டது. வர வர அவள் பேச்சு குறைந்தது. காரணம் எனக்குத் தெரியும். அந்த வார்த்தையை நான் எந்த நேரத்தில் எப்படிச் சொல்லப் போகிறேன் என்று அவள் எண்ணிக்கொண்டிருந்தாள். நானும் ஒத்திகை பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். சாப்பிட்ட பிறகு, கோபம் இல்லாமல், நிதானமாகச் சொல்ல வேண்டும்.

பேப்பூரை விட்ட மறுநாள் காலையில் கரைக்காற்று வரவில்லை. கடல் எண்ணெய் மாதிரி மினுமினுத்தது. ஆழ்கடலில் எங்கோ ஒரு காற்றழுத்தத் தாழ்வு என்று ஃபோனில் போட்டிருந்தான். "அது ரொம்ப தூரத்துலங்க, நமக்கு ஒண்ணும் இல்ல," என்றாள். அவள் சொன்னது தப்பில்லை, படித்தவர்களும் அப்படித்தான் போட்டிருந்தார்கள். மத்தியானம் தாண்டியதும் மேற்கே கறுக்க ஆரம்பித்தது. இருந்த காற்றும் நின்றது. அவள் எழுந்தாள்.

"சுக்கானப் புடிச்சுக்கோங்க. பாயச் சின்னதாக்கிட்டு வந்துடறேன். நேரா வெச்சுக்கோங்க, அவ்ளோதான்."

இடுப்புக் கயிற்றை மாட்டிக்கொண்டு பாய்மரத்துக்குப் போனாள். பாயைப் பாதிக்கு இறக்கிக் கட்டி முடிப்பதற்குள் மேற்கிலிருந்து காற்று அறைந்தது. படகு ஒரு பக்கமாகப் படுத்தது. உள்ளே தட்டு, டம்ளர், குக்கர் எல்லாம் உருளும் சத்தம். மழை கல்லை அள்ளி வீசுவதுபோல் முகத்தில் விழுந்தது. அவள் பாய்மரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு கரைப் பக்கம் பார்த்தாள். கரை கிட்டத்தில் இருந்தது. காற்று எங்களை அந்தப் பக்கமாகவே தள்ளிக்கொண்டிருந்தது. ஆறு ஒன்று கடலில் சேருகிற இடம் தெரிந்தது.

"அதோ, ஆத்து வாய்! உள்ள பூந்துடலாம்! கரைக்குத் திருப்புங்க! கரைக்கு!" என்று கத்தினாள்.

நானும் பார்த்தேன். தென்னை மரங்கள், ஒரு வெள்ளைக் கோயில் கோபுரம், அதன் உச்சியில் சிலுவை. ரோட்டில் ஒரு பஸ் போய்க்கொண்டிருந்தது. மழைக்குள் விளக்கு போட்டுக்கொண்டு, கண்ணாடியை ஏற்றிவிட்டு உட்கார்ந்திருக்கும் மனிதர்களோடு ஒரு சாதாரண பஸ். என் வாழ்க்கையில் எதையும் நான் அப்படி விரும்பியதில்லை. அந்த பஸ்ஸில் ஜன்னல் ஓரம் ஒரு சீட் கிடைத்தால் போதும் என்று இருந்தது. என் கை தானாகவே திருப்ப ஆரம்பித்தது.

அப்போதுதான் ஆற்று வாயின் குறுக்கே ஒரு வெள்ளைக் கோடு தெரிந்தது. கோடு எழுந்தது, உடைந்தது, மறுபடி எழுந்தது. கடலும் ஆறும் மோதுகிற மணல்திட்டின் மேல் அலை ஆள் உயரத்துக்கு எழும்பி உடைந்துகொண்டிருந்தது. அதற்குள் போனால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. படகைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான். அவள் என்றைக்கோ சொன்னதை ஞாபகம் வைத்திருந்து, சண்டை வரும்போது அவள்மேலேயே திருப்பி வீசுவது. அதில் நான் கெட்டிக்காரன். பயத்தில் வாய் தானாகவே திறந்தது.

"பயப்பட வேண்டியது தரையத்தான்னு நீதானடீ சொன்ன! காத்து கெட்டுப்போச்சுன்னா கரைய விட்டுத் தள்ளிப் போணும்னு நீதானே சொன்ன! இப்ப கரைக்குத் திருப்பச் சொல்ற!"

சாதாரண நாளில் இந்த மாதிரிக் குரலுக்கு அவள் ஒரு வாரம் பேசமாட்டாள். அன்றைக்கு என்னை ஒரு கணம் வெறித்துப் பார்த்தாள். பிறகு திரும்பி அந்த ஆற்று வாயைப் பார்த்தாள். அவளுக்கும் அந்த வெள்ளைக் கோடு தெரிந்துவிட்டது.

"எஞ்சினப் போடுங்க," என்றாள். குரல் உடைந்திருந்தது. "கடலுக்குத் திருப்புங்க. தென்மேற்கா. அலைக்கு முதுகக் காட்டாதீங்க."

திருப்பினேன். உடம்பில் இருந்த ஒவ்வொரு எலும்பும் கரைக்குப் போ என்று கெஞ்ச, நான் கரைக்கு முதுகைக் காட்டினேன். பஸ் மறைந்தது. கோபுரம் மறைந்தது. தென்னை ஒரு கோடாகி, அந்தக் கோட்டையும் மழை அழித்துவிட்டது. சுற்றிலும் தண்ணீர். படகு ஏறும், விழும், ஏறும். "அருள் நிறைந்த மரியே" சொல்ல ஆரம்பித்துப் பாதியில் மறந்து, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன். எனக்குப் பயமாக இருந்தது. சாகப் போகிறோம் என்று நினைத்தேன். ஆனாலும் கை சுக்கானை விடவில்லை, விட்டால் அவள் திட்டுவாள். அவள் தவழ்ந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "கொஞ்சம் இடது, அப்படியே வெச்சுக்கோங்க, இப்ப வருது பாருங்க ஒண்ணு," என்று ஒவ்வோர் அலைக்கும் சொல்லிக்கொண்டே இருந்தாள். கணக்கு சொல்லிக்கொடுக்கிற அதே குரல். நான் அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டுதான் ஓட்டினேன்.

மழை கடந்துபோனது. காற்று தளர்ந்தது. அலை மட்டும் பெரிதாக, ஆனால் உடையாமல், தொட்டில் மாதிரி வந்து போய்க்கொண்டிருந்தது. மேற்கே மேகத்துக்கு அடியில் வெளிச்சம் திறந்தது. எஞ்சினை நிறுத்தினேன். திடீரென்று எவ்வளவு அமைதி!

அவள் கீழே, நனைந்த பலகையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

"கொச்சிக்குப் போனதும் வித்துடலாங்க," என்றாள்.

நான் முகத்தில் வழிந்த தண்ணீரைத் துடைத்துக்கொண்டேன்.

"பத்து வருஷமா கறுத்துக்கினு வந்தா கரைக்கு ஓடினோமே, அதான் வந்துச்சு. கடலப் பத்திப் படிச்சது ஒண்ணு ஞாபகத்துக்கு வரல. ஏரிப் புத்தி. நீங்க மட்டும் சொல்லலன்னா..."

"நான் எங்க சொன்னேன்? நீ சொன்னத நான் திருப்பிச் சொன்னேன். எல்லாச் சண்டையிலயும் அதத்தானே பண்றேன்?"

அவள் சிரிக்கவில்லை. "விளையாடாதீங்க. உங்க உயிரையும் சேத்து நான் தூக்கிக் குடுத்திருப்பேன். உங்களுக்கு மொதல்லயே இஷ்டமில்ல. நீங்க வேணாம்னு சொல்லவே வேணாம், நானே சொல்லிட்டேன். வித்துடலாம்."

கார்வாரிலிருந்து நான் காத்திருந்தது இதற்குத்தான். கேட்காமலே மடியில் வந்து விழுந்தது. சந்தோஷம் வரும் என்று பார்த்தால் எனக்குக் கோபம்தான் வந்தது. இந்த வயதில் ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டு, என் கேலியை எல்லாம் தாங்கிக்கொண்டு, இத்தனை தூரம் இழுத்து வந்தவள் ஒரு நிமிஷத் தடுமாற்றத்துக்குத் தன்னையே ஃபெயில் போடுகிறாளே என்று கோபம். அந்த மத்தியானம் எங்களைக் காப்பாற்றியது அவள் அடுப்படியில் சொன்னதும், ஒவ்வோர் அலைக்கும் அவள் சொல்லிக்கொண்டே வந்ததும்தான். அதைச் சொல்லத்தான் நினைத்தேன். நல்ல வார்த்தை எதுவும் எனக்கு நேரத்துக்கு வாயில் வராது.

"கொச்சி தாண்டினா என்ன ஊரு வரும்?" என்று கேட்டேன்.

"எதுக்கு?"

"கேட்டா சொல்லேன். மேப் உன் கையிலதானே இருக்கு."

"ஆலப்புழை," என்றாள். "அப்புறம் கொல்லம்."

"கொல்லத்துல படகு நிறுத்த இடம் இருக்கா?"

"இருக்கும். ஏன் கேக்கறீங்க?"

"கொச்சிக்குப் போனாத்தானே விக்கணும்? கொச்சியில நிக்கவே வேணாம். நேரா கொல்லம் போயிடலாம்."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். முகம் முழுக்க உப்புத் தண்ணீர், அதில் எது கடல், எது கண் என்று சொல்ல முடியவில்லை. சிரிக்க ஆரம்பித்து அழுதாளா, அழ ஆரம்பித்துச் சிரித்தாளா, அதுவும் தெரியவில்லை. புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, திசைகாட்டியை ஒருமுறை எட்டிப் பார்த்தாள்.

"தெக்க வெச்சு ஓட்டுங்க. கரை தெரிஞ்சா எழுப்புங்க," என்றாள்.

குனிந்து படி இறங்கி உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் குறட்டைச் சத்தம் கேட்டது.